ரிப்போர்ட்டோட சேத்து ஒரு ஆளையும் குடுங்க டாக்டர்

சென்னையில கேன்சர் பாக்குற டாக்டர்களுக்கும், கேன்சர் வார்டு நடத்துற ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும், சுகாதாரத்துறையில இருக்கறவங்களுக்கும் ஒரு திறந்த மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

பெரம்பூர்ல இருக்கேன். வயசு நாப்பதுக்குக் கீழ, ரெண்டு பசங்க. எனக்கு வந்தது ட்ரிப்பிள் நெகட்டிவ்னு சொல்ற, வேகமா பரவுற வகை மார்பகப் புற்றுநோய். கீமோ, ஆபரேஷன், கரண்ட் (ரேடியேஷன்) மூணும் முடிச்சு இப்போ ஃபாலோ அப்ல இருக்கேன். உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன். வேகமா பரவுற வகைன்னு ஒரு பொண்ணுகிட்ட நீங்க சொல்ற அன்னிக்கே, அதே வகை வந்து, அதே ட்ரீட்மெண்ட் எடுத்து, இப்போ நடமாடிட்டு இருக்கற இன்னொரு பொண்ணை அவளுக்கு அறிமுகம் பண்ணி வைங்க. இதை ஆஸ்பத்திரிதான் பண்ணணும். நாங்களே தேடிக் கண்டுபிடிச்சுக்கட்டும்னு விட்டுடாதீங்க.

வைத்தியத்துல எனக்கு எந்தக் குறையும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். என்னைப் பாத்தவங்க நல்ல டாக்டர், நல்ல மனுஷி. ஆனா ஒரு ஓபி நாள்ல நீங்க எத்தனை பேரைப் பாக்குறீங்கன்னு வெளிய டோக்கனோட உக்காந்திருக்கற எங்களுக்குத் தெரியும். உள்ள போனா பத்து நிமிஷம் கெடைச்சாலே பெருசு. அந்த நேரத்துல கட்டி எத்தனை சென்டிமீட்டர், அக்குள்ல நெறி கட்டியிருக்கா, எத்தனை சைக்கிள் கீமோ, காப்பீட்டு அட்டை இருக்கா, எக்கோ எடுத்தாச்சா, இவ்ளோதான் பேச முடியும். தலையை மொட்டை அடிச்சா சின்னவன் பயப்படுவானா, கீமோ ஊசி போட்ட அன்னிக்கு ராத்திரி புருஷன் பக்கத்துல படுக்கலாமா, மாமியார்கிட்ட எப்படி சொல்றது, வேலை செய்யற இடத்துல எதுவரைக்கும் சொல்றது, இதெல்லாம் அந்த ரூம்ல வாயைத் திறந்து கேக்கவே வராது. கேட்டாலும் உங்ககிட்ட பதில் இருக்குமான்னு தெரியல. அந்தப் பதில் அதைக் கடந்து வந்தவங்ககிட்டதான் இருக்கு.

ஏன் "அதே வகை"ன்னு அழுத்திச் சொல்றேன்னா, மார்பகப் புற்றுநோய்னு ஒரே பேரு வச்சிருந்தாலும் உள்ள அது பல நோய், இது எனக்கு மேல உங்களுக்கே தெரியும். சதை டெஸ்ட் எடுத்து ஈஆர், பிஆர்ங்கற ஹார்மோன் ஏற்பிகள் ரெண்டு, ஹெர்டூங்கற புரதம் ஒண்ணு, மூணும் பாப்பீங்க. முதல் ரெண்டுல எதாவது பாசிட்டிவ்னா ஹார்மோனை அடக்குற மாத்திரை 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம் வரைக்கும் இருக்கு. ஹெர்டூ பாசிட்டிவ்னா அதுக்குன்னே ஊசி இருக்கு. மூணும் நெகட்டிவ்னா அந்த ரெண்டு வழியும் எங்களுக்கு அடைச்சிருக்கு. மேல்நாட்டுல மார்பகப் புற்றுநோய் வந்த 100 பேர்ல 10ல இருந்து 15 பேருக்கு இந்த வகைன்னு சொல்றாங்க, நம்ம நாட்டு ஆய்வுகள்ல அதைவிட அதிகமாவே வருது. வயசு கம்மியான பொண்ணுங்களுக்கும் பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருக்கறவங்களுக்கும் இது அதிகம் வருது.

இதனால என்ன ஆகுதுன்னா, சொந்தத்துல ஒரு பெரியம்மா நல்ல மனசோட போன் பண்ணுவாங்க, "எங்க ஓரகத்திக்கும் வந்துச்சும்மா, தெனமும் ஒரு மாத்திரைதான் போடறா, பத்து வருஷமா நல்லாத்தான் இருக்கா, உனக்கு என்ன மாத்திரை குடுத்திருக்காங்க?" அப்படின்னு. எனக்கு மாத்திரையே கிடையாது பெரியம்மான்னு சொன்னா அந்தப் பக்கம் பேச்சு நின்னு போயிடும். அப்புறம் நான்தான் அவங்களுக்கு தைரியம் சொல்லணும். எங்க காலக்கணக்கே வேற. திரும்ப வந்தா பெரும்பாலும் முதல் 3 வருஷத்துக்குள்ள வரும், 5 வருஷம் தாண்டிட்டா அந்த ஆபத்து நல்லா குறைஞ்சிடும். ஹார்மோன் வகைக்கு அப்படி இல்ல, அது பத்து பதினஞ்சு வருஷம் கழிச்சு கூட வரலாம். அதனால ஹார்மோன் வகைக்காரங்களோட தைரியமும் எங்களுக்குப் பொருந்தாது, பயமும் பொருந்தாது. அவங்க மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, அவங்களோட கஷ்டம் அவங்களுக்கு. ஆனா முதல் ரெண்டு வருஷத்துல ஒரு முதுகுவலி வந்தா ராத்திரி எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்ல, அந்த ரெண்டு வருஷத்தைத் தாண்டின ஒருத்தி வேணும்.

எனக்கு ஒருத்தங்க கெடைச்சாங்க. தற்செயலா. கீமோ டே கேர்ல பக்கத்து சேர்ல ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்த வியாசர்பாடி அக்கா. "இன்னாம்மா, செகப்பு மருந்தா? முதல் தபாவா?"ன்னு கேட்டாங்க. ஆமாங்கன்னு சொன்னேன். "இன்னிக்கு ஒன்னுக்கு செகப்பா போவும், ரத்தம்னு பயந்துடாத, மருந்து கலருதான் அது, ரெண்டு நாள்ல சரியாப் போவும்"னு சொன்னாங்க. என் வீட்டுக்காரர் அன்னிக்கு வெளிய நின்னுட்டு இருந்தார், இதை யாரும் எங்ககிட்ட சொல்லல, இல்ல சொல்லியிருந்தாலும் எங்க காதுல விழல. அவங்க சொல்லலைன்னா அன்னிக்கு சாயங்காலம் நாங்க ஆட்டோ புடிச்சு எமர்ஜென்சிக்கு ஓடியிருப்போம்.

அப்புறம் பேசப் பேச, ரெண்டு பேரும் கட்டைப்பையில இருந்து ஃபைலை எடுத்து அந்த மூணு நெகட்டிவையும் ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டோம். அவங்க படிச்சது அஞ்சாவது. ஆனா அந்தப் பக்கத்துல எந்த வரி முக்கியம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது கொஞ்சநஞ்சம் இல்ல. வாய்ப்புண்ணு வந்தா இட்லியை ஆற வச்சு மோர்ல ஊற வச்சு சாப்பிடறது, வெள்ளை அணு கூடறதுக்குப் போடற கவுண்ட் ஊசி போட்ட மறுநாள் இடுப்பு எலும்பெல்லாம் பிச்சுக்கிட்டு வலிக்கும், அது மருந்து வேலை செய்யறதுதான்னு தெரிஞ்சிக்கறது, ஜுரம் 100.4 தாண்டினா பாராசிட்டமால் போட்டுட்டு விடியட்டும்னு படுக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடறது. இதெல்லாம் உங்க பேப்பர்லயும் அச்சடிச்சிருக்கு, ஆனா அந்தப் பேப்பர் கட்டைப்பையில ஸ்கேன் ஃபிலிமுக்கு அடியில கெடக்கும். அக்கா சொன்னது தலையில நின்னுச்சு.

டாக்சால்ங்கற கீமோ மருந்து ஆரம்பிச்சப்புறம் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியல. கோலப்பொடி எடுத்தா விரல்ல பொடி இருக்கா இல்லையான்னே தெரியாது, கோடு அங்கங்க அறுந்து போகும். அதை டாக்டர்கிட்ட சொல்லு, சும்மா இருக்காதன்னு அவங்கதான் தொரத்தினாங்க, சொன்னப்புறம்தான் டோஸ் மாத்தினாங்க. எடுத்துட்ட பக்கத்துக் கையில ரத்தம் எடுக்க விடாத, பிபி பட்டை கட்ட விடாத, தண்ணி லாரி வந்தா அந்தக் கையில குடம் தூக்காத, செவுத்துல விரலால ஏறி ஏறிப் போற எக்சர்சைஸை ஒரு நாள் கூட விடாதன்னு சொன்னதும் அவங்கதான். ஆபரேஷன் முடிஞ்சு புண்ணு நல்லா ஆறினப்புறம் ஒரு நாள் என்னை பாத்ரூம் பக்கம் கூட்டிட்டுப் போய், ஜாக்கெட்டுக்குள்ள இருந்து ஒரு சின்ன காட்டன் பையை எடுத்துக் கையில குடுத்தாங்க. உள்ள கடுகு போட்டு தச்சிருந்தாங்க. பஞ்சு மட்டும் வச்சா லேசா இருக்கறதால நடக்கும்போது மேல ஏறிடும், கடுகு சேத்தா கனம் இருக்கறதால நின்ன இடத்துல நிக்கும், தெரிஞ்ச டைலர் அக்காகிட்ட ஜாக்கெட் உள்பக்கம் ஒரு பாக்கெட் மட்டும் வைக்கச் சொல்லுன்னாங்க. கடையில விக்கிற சிலிக்கான்ல செஞ்சது ஆயிரக்கணக்குல விலை. அந்தக் கடுகுப் பையோட நான் தம்பி கல்யாணத்துல போட்டோவுக்கு நின்னேன், நேரா நின்னேன்.

இந்த அக்கா எனக்குக் கெடைச்சது அன்னிக்கு எந்த சேர் காலியா இருந்துச்சுங்கறதைப் பொறுத்து நடந்த விஷயம். அவ்ளோதான். நாலு சேர் தள்ளி உக்காந்திருந்த ஒரு பொண்ணு, என்னைவிட சின்னவ, துப்பட்டாவை முகத்துல மூடிக்கிட்டே எல்லா சைக்கிளையும் முடிச்சிட்டுப் போயிட்டா, அவ யாருகிட்டயும் பேசி நான் பாக்கல. அவளுக்கு என்ன வகைன்னு அந்த வார்டு ரெஜிஸ்டர்ல இருந்துச்சு. எனக்கு என்னன்னும் அதே ரெஜிஸ்டர்ல இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கலாமான்னு கேக்கக்கூடிய ஒரே இடம் ஆஸ்பத்திரிதான்.

நாங்களே தேடிக்கலாமேன்னு நீங்க நெனைக்கலாம். நம்ம ஊர்ல இந்த நோயை எப்படி மறைக்கிறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மொட்டையைப் பாத்து பக்கத்து வீட்டுல "திருப்பதியா?"ன்னு கேட்டா ஆமாம்னு சொல்லிட்டுப் போறவங்க எத்தனையோ பேர். கல்யாண வயசுல பொண்ணு இருந்தா வாயே திறக்க மாட்டாங்க, வரன் தட்டிப் போயிடும்னு பயம். அந்தப் பயத்துல மரபணு டெஸ்ட்டையே வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. பிஆர்சிஏ மாற்றம் அம்மாவுக்கு இருந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, பையனா பொண்ணான்னு இல்ல, தெரிஞ்சா அவங்களை முன்னாடியே காப்பாத்தலாம். ஆனா அதை தங்கச்சிகிட்ட போன் போட்டு எப்படி ஆரம்பிக்கிறது? அந்த போனை ஏற்கனவே பண்ணின ஒருத்தி பக்கத்துல உக்காந்து சொன்னாதான் தைரியம் வரும். எந்த கவுன்சலிங் பேப்பராலயும் அது வராது. இன்னும் சில வீட்டுல "அவங்களுக்கு மட்டும் தெரிய வேணாம் டாக்டர்"னு கூட வந்தவங்க கதவுக்கு வெளிய நின்னு சொல்லிடறாங்க, பேஷண்ட்டுக்கே தன் நோய் என்னன்னு தெரியாது. அவ எங்க போய் யாரைத் தேடுவா.

இது ஒண்ணும் புதுசா நான் கண்டுபிடிச்ச யோசனை இல்ல. 1952ல நியூயார்க்ல டெரீஸ் லாசர்னு ஒரு அம்மாவுக்கு மார்பை எடுத்தாங்க, இனிமே எப்படி வாழறதுன்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல, அவங்களே உடற்பயிற்சி, துணி, வீட்டுப் பேச்சு எல்லாம் கத்துக்கிட்டு, புதுசா ஆபரேஷன் ஆனவங்களோட கட்டில் பக்கத்துல போய் உக்காந்து சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சாங்க. பல டாக்டர்களுக்கு அது அப்போ பிடிக்கல. ஆனா 1969ல அமெரிக்கன் கேன்சர் சொசைட்டியே அதைத் தன்னோட திட்டமா எடுத்துக்கிச்சு. ரீச் டு ரெக்கவரின்னு பேரு, அப்புறம் பல நாட்டுக்குப் போச்சு.

ஆயுசு கூடும்னு சொல்லி உங்ககிட்ட இதை விக்க வரல, அதையும் சொல்லிடறேன். 1989ல ஸ்டான்ஃபோர்டுல டேவிட் ஸ்பீகல் ஒரு ஆய்வு போட்டார், நோய் உடம்புல பரவின பொண்ணுங்க வாரா வாரம் ஒரு குரூப்பா உக்காந்து பேசினாங்க, அவங்க மத்தவங்களைவிட ரொம்ப நாள் இருந்தாங்கன்னு வந்துச்சு, உலகமே பேசிச்சு. 2001ல கனடாவுல 235 பேரை வச்சு அதையே பெருசா செஞ்சு பாத்தப்போ ஆயுசுல வித்தியாசம் வரல. ஆனா மனசு கஷ்டம் குறைஞ்சுது, வலி குறைவா உணர்ந்தாங்க, அதுவும் ரொம்ப கஷ்டத்துல இருந்தவங்களுக்குத்தான் அதிகமா உதவிச்சு. எனக்கு அது போதும் டாக்டர். வலியும் பயமும் குறையறதுக்கு நீங்க எவ்ளோ மருந்து எழுதறீங்க, இதுக்கு ஒரு மேஜை ரெண்டு சேர் போதும்.

சென்னைக்கு இது தெரியாத விஷயமும் இல்ல. 1986ல இந்தியாவுலயே முதல்முறையா எச்ஐவியைக் கண்டுபிடிச்சது இந்த ஊர்ல, டாக்டர் சுனிதி சாலமன் டீம். அந்த நோய்க்காரங்களைத் தொடவே பயந்த காலத்துல, 1998ல இதே சென்னையில எச்ஐவி இருக்கற பொண்ணுங்களே சேந்து பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் ஆரம்பிச்சாங்க. 2004 ஏப்ரல்ல அரசு இலவசமா எச்ஐவியை அடக்குற ஏஆர்டி மருந்து குடுக்க ஆரம்பிச்சப்போ தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல்ல தொடங்கின இடங்கள்ல ஒண்ணு. அப்புறம் ஏஆர்டி சென்டர்கள்ல எச்ஐவியோட வாழறவங்களுக்கே சம்பளம் குடுத்து, புதுசா வர்றவங்ககிட்ட பேசற வேலையில வச்சாங்க. நோயோட வாழறவங்களை ட்ரீட்மெண்ட்டுல ஒரு அங்கமா வைக்கிறது எப்படின்னு சுகாதாரத்துறைக்குத் தெரியும், அதுக்கு ஃபைல் இருக்கு, அனுபவம் இருக்கு. கேன்சருக்கு மட்டும் ஏன் இன்னும் பக்கத்து சேர் அதிர்ஷ்டத்துல விட்டு வச்சிருக்கோம்னுதான் கேக்குறேன். 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல தன்னார்வலர் அக்காங்க வீடு வீடாப் போய் பிபி மாத்திரை, சுகர் மாத்திரை குடுக்குறாங்க. அப்படித் தெருவுக்குள்ள வர்றவங்க மேல ஜனங்களுக்கு ஏற்கனவே நம்பிக்கை இருக்கு.

1982ல சென்னையில கேன்சர் பதிவேடு ஆரம்பிச்சப்போ பொண்ணுங்களுக்கு வர்றதுல கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான் முதல் இடம். இப்போ மார்பகம் அதைத் தாண்டி முதல் இடத்துக்கு வந்துடுச்சு. அப்படின்னா இந்த ஊர்ல இதைக் கடந்து வந்த பொண்ணுங்களும் நெறைய பேர் இருக்கோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையிலதான் 1954ல அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டை ஆரம்பிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். நோயைப் பக்கத்துல இருந்து பாத்தவங்க என்ன செய்ய முடியும்னு இந்த ஊருக்குப் புதுசா சொல்ல வேண்டியதில்ல.

உங்க பயம் என்னன்னு ஓரளவு எனக்குத் தெரியும். பேஷண்ட்டுங்க கூடிப் பேசினா முள்சீத்தா சாறு, கோதுமைப் புல் ஜூஸ், யாரோ ஒரு சாமியார் குடுத்த பொடின்னு தப்புத் தப்பா பரவும், பாதியில கீமோவை விட்டுடுவாங்கன்னு. நியாயமான பயம். ஆனா அந்தப் பேச்சு இப்பவே நடக்குது, உங்க வெயிட்டிங் ஹால்ல, டீக்கடையில, லிஃப்ட்ல. அந்த இடத்துல "நானும் அதைக் குடிச்சிப் பாத்தேன், கட்டி வளந்துச்சு, டாக்டர்கிட்ட சொல்லாம எதையும் குடிக்காத"ன்னு சொல்ல பயிற்சி எடுத்த ஒருத்தி இருந்தா உங்களுக்குத்தான் உதவி. எதைப் பேசலாம் எதைப் பேசக்கூடாதுன்னு சொல்லிக் குடுங்க. மருந்து, டோஸ், பொழைப்பாங்களா மாட்டாங்களா, இதுல நாங்க வாயைத் திறக்க மாட்டோம், உங்ககிட்ட அனுப்பிடுவோம்.

இன்னொரு பயம் இருக்கு, அதை யாரும் வெளிப்படையா சொல்ல மாட்டாங்க. தைரியம் சொல்ல வந்த பொண்ணுக்கே நோய் திரும்ப வந்தா? அவ போயிட்டா? புதுசா வந்தவ உடைஞ்சு போயிட மாட்டாளா?

வியாசர்பாடி அக்காவுக்கு திரும்ப வந்துடுச்சு. நுரையீரல்ல. அவங்க போன்ல சொன்னப்போ எனக்குக் கை கால் ஓடல, அவங்களுக்காக அழுதேனா எனக்காக அழுதேனான்னு இப்பவும் பிரிச்சு சொல்ல முடியல. ஆனா இவங்களைத் தெரியாமலே இருந்திருக்கலாமேன்னு ஒரு நிமிஷம் கூடத் தோணல. திரும்ப வந்தா என்ன நடக்கும்னு எனக்கு இருந்த பயம் ஒரு இருட்டு ரூம் மாதிரி இருந்துச்சு, இப்போ அதுக்குள்ள அக்கா இருக்காங்க, எனக்கு அந்த ரூம்ல என்ன இருக்குன்னு தெரியும். புதுசா ஒரு மருந்து ஆரம்பிச்சிருக்காங்க, ஒரு வாரம் படுத்திருப்பாங்க, அடுத்த வாரம் எழுந்து மீன் குழம்பு வச்சு பேரனுக்கு ஊட்டுவாங்க. நேத்து கூட புதுசா வந்த ஒரு பொண்ணுகூட அரை மணி நேரம் பேசினாங்க. நோய் பரவினவங்களை இந்த மாதிரி கூட்டத்துல இருந்து நைசா ஒதுக்கி வைக்கிறது நடக்குது. அக்டோபர் மாச விழாவுல ரோஸ் கலர் புடவை கட்டி மேடையில நிக்க, ஜெயிச்சவங்களை மட்டும்தான் கூப்பிடறாங்க. நாலாவது ஸ்டேஜ்ல இருக்கறவங்களுக்குத்தான் துணை அதிகமா வேணும், அவங்ககிட்டதான் சொல்லிக் குடுக்கவும் அதிகமா இருக்கு. அவங்களுக்குன்னு தனியா ஒரு நாள் வைங்க, பொதுவான கூட்டத்துலயும் அவங்களை வெளிய நிறுத்தாதீங்க. தைரியம் சொல்ல வர்ற எங்களுக்கும் ஒரு ஆள் வேணும், எங்கள்ல ஒருத்தர் போயிட்டா எங்களை உக்கார வச்சு பேச ஒரு சைக்காலஜிஸ்டோ சோஷியல் ஒர்க்கரோ கண்டிப்பா இருக்கணும். அது இல்லாம இதை ஆரம்பிக்காதீங்க, ஆரம்பிச்சா எங்களை நீங்களே ஒடைக்கிற மாதிரி ஆயிடும்.

எப்படி செய்யலாம்னு எனக்குத் தோணினதைச் சொல்றேன், உங்களுக்கு இதைவிட நல்லா தெரியும். ரிப்போர்ட் குடுக்கற அன்னிக்கு உங்க சோஷியல் ஒர்க்கர் ஒரே ஒரு கேள்வி கேக்கட்டும், "இதே வகை வந்து குணமான, இல்ல ட்ரீட்மெண்ட்ல இருக்கற ஒருத்தங்ககிட்ட பேசறீங்களா?" அப்படின்னு. பேஷண்ட்கிட்ட கேக்கணும், கூட வந்தவங்ககிட்ட இல்ல. வேணாம்னு சொன்னா விட்டுடுங்க, ஆனா ரெண்டாவது கீமோவுக்கு வரும்போது இன்னொரு தடவை கேளுங்க, முதல் நாள் எதுவும் காதுல ஏறாது. சரின்னு சொன்னா வகை, வயசு, மார்பை முழுசா எடுத்தாங்களா கட்டியை மட்டும் எடுத்தாங்களா, சின்னப் பசங்க இருக்காங்களா, என்ன பாஷை, இதெல்லாம் பாத்து ஒருத்தங்களைச் சேத்து விடுங்க. ஆந்திராவுல இருந்து தெலுங்கு மட்டும் பேசறவங்க நம்ம ஊருக்கு நெறைய வர்றாங்க, உருது பேசறவங்க இருக்காங்க, அவங்களுக்கும் ஆள் வேணும். ரெண்டு பேரோட சம்மதமும் எழுதி வாங்கிட்டு, நம்பர் குடுக்கறதை ஆஸ்பத்திரி மூலமா பண்ணுங்க, எங்க பேரு வெளிய போகாது.

கூட்டம் வைக்கிறதா இருந்தா தயவு செஞ்சு ஓபி நாள்லயே வைங்க. திருவள்ளூர்ல இருந்தும் விழுப்புரத்துல இருந்தும் விடியக்காலையில கெளம்பி வர்றவங்க இன்னொரு நாள் லீவு போட்டு வர மாட்டாங்க. மகளிர் இலவச பஸ்ஸுல ஊருக்குள்ள வந்துடலாம், ஆனா கூலி போயிடுமே. ஏசி ஹால், மைக், பூச்செண்டு எதுவும் வேணாம். கதவு சாத்தற மாதிரி ஒரு ரூம் போதும், ஏன்னா ஒருத்தி இன்னொருத்திக்கு தையலைக் காட்டணும்னா ஜாக்கெட்டைக் கழட்டணும். ஆம்பளைங்களுக்கும் வேற ஒரு ரூம்ல இதே மாதிரி இருந்தா நல்லது. என் வீட்டுக்காரர் அந்த மாசங்கள்ல யாருகிட்டயும் பேசாம பைக்கை எடுத்துட்டுப் போய் மெரினாவுல உக்காந்துட்டு வருவார், அவரும் பேச ஆளில்லாம இருந்தார்.

ட்ரிப்பிள் நெகட்டிவ்காரங்களுக்குன்னு சில நாள் ரொம்ப கனமான நாள், அந்த நாட்களையாவது கணக்குல வைங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பயாப்சி ரிப்போர்ட் வர்ற நாள். கீமோவுல கட்டி முழுசா கரைஞ்சிடுச்சா மிச்சம் இருக்கான்னு அன்னிக்குத்தான் தெரியும், மிச்சம் இருந்தா இன்னும் சில மாசம் கீமோ மாத்திரைன்னு சொல்வீங்க, கேக்கறவளுக்கு அது தோத்துட்ட மாதிரி இருக்கும், அந்த மாத்திரையை முடிச்சிட்டு நல்லா இருக்கறவ ஒருத்தி அன்னிக்கு அவகூட பேசணும். உடம்போட எதிர்ப்பு சக்தியையே நோய் மேல ஏவி விடற இம்யூனோதெரபி ஊசின்னு நீங்க சொல்ற நாள் இன்னொண்ணு, விலை லட்சக்கணக்குல, வீட்டை அடமானம் வைக்கறதா வேணாமான்னு ராத்திரி முழுக்க பேசற வீடு அது, காப்பீட்டுல எது வரும், எந்த உதவித் திட்டத்துக்கு என்ன பேப்பர் வேணும்னு அலைஞ்சு திரிஞ்ச ஒருத்தருக்குத்தான் தெரியும். அப்புறம் கரண்ட் வச்சு முடிக்கிற கடைசி நாள். எல்லாரும் ஸ்வீட் குடுப்பாங்க, வாழ்த்துவாங்க, "மூணு மாசம் கழிச்சு வாங்க"ன்னு நீங்க சொல்வீங்க. வாரா வாரம் வந்துட்டு இருந்த இடத்துல இருந்து திடீர்னு வெளிய விட்டுட்டாங்க, மாத்திரை கூட இல்ல, அறிகுறி இல்லாம அடிக்கடி ஸ்கேன் எடுக்கத் தேவையில்லன்னு வேற சொல்றாங்க, அப்போ திரும்ப வந்தா எப்படித் தெரியும்னு அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு முதல் நாளைவிட பயமா இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு மேமோகிராம், நடுவுல நீங்க கையால பாக்கறது, எதாவது வலியோ இருமலோ ரெண்டு மூணு வாரம் நிக்காம இருந்தா அப்போ சொல்றது, இதுதான் சரியான முறைன்னு நீங்க சொன்னதை, அதே மாதிரி நாலு வருஷம் தாண்டின ஒருத்தங்க வாயால கேட்டப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு.

14416ல டெலி மானஸ்னு ஒரு உதவி எண் இருக்கு, எந்நேரமும் எடுத்துப் பேசறாங்க, தூங்க முடியாத ராத்திரிக்கு அது பெரிய துணை, படிக்கிறவங்க எழுதி வச்சுக்கங்க. ஆனா அவங்களுக்கு கடுகுப் பை தெரியாது.

முதல்ல ஒரே ஒரு ஆஸ்பத்திரியில, ஒரே ஒரு ஓபி நாள்ல ஆரம்பிச்சாலும் போதும். பயிற்சிக்குக் கூப்பிட்டா நான் வரேன். சம்பளம் எனக்கு வேணாம், ஆனா கூலி வேலையை விட்டுட்டு வர்ற அக்காங்களுக்கு அன்னிக்குக் கூலியும் மதியச் சாப்பாடும் குடுக்கணும், அதைத் திட்டத்துலயே எழுதிடுங்க. என்கூட இன்னும் சில பேர் தயாரா இருக்காங்க, அதுல ரெண்டு பேர் நல்லா தெலுங்கு பேசுவாங்க. வியாசர்பாடி அக்காவும் வரேன்னு சொல்லியிருக்காங்க, அவங்களுக்கு மட்டும் கீமோ இல்லாத வாரமாப் பாத்து நாள் குறிங்க.

இப்படிக்கு,
பெரம்பூர்ல இருந்து ஒரு ட்ரிப்பிள் நெகட்டிவ் பேஷண்ட்